ஸ்கேன் சொல்வதும் ரத்தம் சொல்வதும்

(பொதுமக்களுக்கான மருத்துவச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



பிட்யூட்டரி கட்டியை ஸ்கேனில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேனுக்குப் போவதற்கு முன் ஓர் எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சார்லஸ் பைர்ன் என்று ஒருவர். 1761இல் அயர்லாந்தில் பிறந்தவர். வளர்ந்தார், வளர்ந்தார், வளர்ந்துகொண்டே இருந்தார். லண்டனுக்கு வந்து, காசு வாங்கிக்கொண்டு தன்னைக் காட்சிக்கு நிறுத்திக்கொண்டார். எட்டடிக்கு மேல் உயரம் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மை உயரம் ஏழடி ஏழு அங்குலம் இருக்கும். 1783இல், 22 வயதில் இறந்துபோனார். தன் உடல் அறுவை மருத்துவர்களின் கையில் சிக்கிவிடும் என்று அவருக்கு உயிரோடு இருக்கும்போதே பயம். கடலில் இறக்கிவிடுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பயந்தபடியேதான் நடந்தது. அந்தக் காலத்தின் பெரிய அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றி, எலும்புக்கூடாக்கித் தன் சேகரிப்பில் வைத்துக்கொண்டார்.

அது அங்கேயே நின்றது. 1909இல் அமெரிக்காவிலிருந்து ஹார்வி குஷிங் வந்தார். மூளை அறுவைச் சிகிச்சை என்ற துறையையே உருவாக்கியவர்களில் ஒருவர். அவரும் அந்தச் சேகரிப்பு இருந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஆர்தர் கீத்தும் பைர்னின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார்கள். மண்டையோட்டின் அடித்தளத்தில், நடுவில், பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் சிறு எலும்புக் குழி ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை ‘செல்லா’ என்பார்கள். பைர்னின் செல்லா அகன்று கிடந்தது. உள்ளே கட்டி வளர்ந்து எலும்பைத் தள்ளியிருக்கிறது. இறந்து 126 ஆண்டுக்குப் பிறகு அந்த மனிதருக்கு நோய் இன்னதென்று தெரிந்தது. 2011இல் அவருடைய பல்லிலிருந்து மரபணுவை எடுத்துச் சோதித்தபோது ‘ஏஐபி’ என்ற மரபணுவில் பிழை இருந்தது. அதே பிழை வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் இருக்கிறது. லண்டனில் உள்ள அந்த அருங்காட்சியகத்தை 2023இல் மறுபடி திறந்தபோது எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தாமதமாகவாவது எடுத்தார்களே.

இதை ஏன் சொன்னேன் என்றால், பிட்யூட்டரியைப் படம்பிடிக்கும் வரலாறு முழுக்க இப்படித்தான் தொடங்கியது. கட்டியை யாரும் பார்க்கவில்லை. கட்டி எலும்பில் விட்டுப்போன தடத்தைத்தான் பார்த்தார்கள். 1895இல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும், தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து செல்லா பெரிதாகியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சுரப்பி தெரியாது. குழி அகலும் அளவுக்குக் கட்டி பெரிதானால்தான் மருத்துவருக்குத் தகவல் வரும். அதற்குள் நோயாளிக்குப் பார்வை பாதி போயிருக்கும்.

சுரப்பியின் அளவை நினைத்தால் இந்தச் சிரமம் புரியும். கொண்டைக்கடலை அளவுதான். எடை சுமார் அரை கிராம். மூக்கின் பின்னால், மூளையின் அடியில், ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. தைராய்டுக்கும் அட்ரினலுக்கும் சினைப்பைக்கும் விதைப்பைக்கும் உத்தரவு போவது இங்கிருந்து. உயரம் வளர்வது, தாய்ப்பால் சுரப்பது, சிறுநீர் அளவோடு பிரிவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் ஓடுகின்றன. சற்று மேலே, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தூரத்தில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கின்றன. இவ்வளவு நெருக்கடியான இடத்தில் ஒரு கட்டி முளைத்தால் அது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பிரச்சினைதான்.

எக்ஸ்ரேக்கும் ஸ்கேனுக்கும் நடுவே ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓர் இருண்ட காலம். 1919இல் வால்டர் டேண்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். முதுகில் ஊசி குத்தி மூளைத் தண்டுவட நீரை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் காற்றை ஏற்றுவார்கள். காற்று மேலேறி மூளையைச் சுற்றியுள்ள இடைவெளிகளை நிரப்பும். அப்போது எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடைவெளிகளின் விளிம்பு தெரியும். கட்டி மேல்நோக்கி வளர்ந்திருந்தால் விளிம்பு நசுங்கியிருக்கும். காற்று சரியான இடத்துக்குப் போக நோயாளியை நாற்காலியில் கட்டி முன்னும் பின்னும் சாய்ப்பார்கள். தாங்க முடியாத தலைவலி, வாந்தி. சிலருக்கு நாள்கணக்கில் நீடிக்கும். வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியபோது உலகம் முழுவதும் நம்பியிருந்த முறைகளில் இதுவும் ஒன்று. ஸ்கேன் எந்திரத்தின் சத்தம் தாங்கவில்லை என்று இன்று முகம் சுளிப்பவர்களைக் காணும்போது எனக்கு அந்த நாற்காலி நினைவுக்கு வரும். வெளியே சொல்வதில்லை.

1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய எந்திரத்தில் ஒரு பெண் நோயாளியின் தலையைப் படம்பிடித்தார்கள். அதுதான் முதல் சி.டி. ஸ்கேன். மண்டையைத் திறக்காமல், காற்றை ஏற்றாமல், மூளையை வெட்டுத்துண்டுகளாகப் பார்க்க முடிந்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு. ஆனாலும் பிட்யூட்டரிக்கு சி.டி. போதவில்லை. சுற்றியுள்ள எலும்பு படத்தைக் கெடுக்கும். சிறு கட்டி அதில் மறைந்துபோகும். காந்தப்புலத்தால் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. வந்த பிறகுதான் இந்தச் சுரப்பி தனியாக, தெளிவாக, காம்போடு கண்ணுக்குத் தெரிந்தது.

எம்.ஆர்.ஐ. எப்படிக் கட்டியைக் காட்டுகிறது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளையின் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை வெளிப்பொருள்களை உள்ளே விடாத ஒரு தடுப்போடு இருக்கின்றன. பிட்யூட்டரிக்கு அந்தத் தடுப்பு இல்லை. ஹார்மோன்களை ரத்தத்தில் கலப்பதே அதன் வேலை என்பதால் அதன் கதவுகள் திறந்தே இருக்கும். கையில் காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும், அது காம்பு வழியாக இயல்பான சுரப்பியை நொடிகளில் நிறைத்துவிடும். படத்தில் சுரப்பி வெள்ளையாகப் பளிச்சிடும். கட்டிக்கு அவ்வளவு சீக்கிரம் அது போய்ச் சேராது. அந்தச் சிறிது நேரம், வெள்ளைச் சுரப்பிக்குள் கட்டி மட்டும் கறுத்துத் தெரியும். சில நிமிடங்கள் போனால் கட்டியும் மெல்ல ஊறி வெளுத்துவிடும், வித்தியாசம் மறைந்துவிடும். ஆகவே ஊசி போட்ட முதல் ஓரிரு நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துப் படம் எடுக்க வேண்டும். துண்டுகளும் மெல்லியதாக, 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இதனால்தான் ‘பிரெயின் எம்.ஆர்.ஐ.’ வேறு, ‘பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ.’ வேறு. பலருக்கு இது தெரியாது. மூளை முழுவதையும் எடுக்கும் சாதாரண ஸ்கேனில் துண்டுகள் 5 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். 4 மில்லிமீட்டர் கட்டி இரண்டு துண்டுகளுக்கு நடுவே நழுவிவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்து பிரெயின் ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறவரிடம், ‘இது போதாது, பிட்யூட்டரிக்கென்று தனியாக எடுத்து வாருங்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய கோபம் நியாயமானது. எதற்காக ஸ்கேன் என்று சீட்டில் தெளிவாக எழுதாதது எழுதியவரின் தவறு.

இன்றைய பேச்சில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படம் ஒரு கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, எதை அழுத்துகிறது என்று சொல்லும். அது என்ன செய்கிறது என்று சொல்லாது. அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ரத்தம் முதலில், படம் பிறகு. இந்த வரிசையைப் புரட்டிப்போட்டால் நல்ல எந்திரமே நோயாளிக்குத் தொல்லையாகிவிடும்.

1936இல் அமெரிக்காவில் காஸ்டெல்லோ என்ற மருத்துவர், வேறு காரணங்களால் இறந்த 1000 பேரின் பிட்யூட்டரியை வெட்டிப் பார்த்தார். 22.5 சதவீதத்தினருக்குச் சின்னஞ்சிறு கட்டி இருந்தது. உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. 1994இல், எந்த நோயும் இல்லாத 100 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 10 பேரின் படத்தில், கட்டி என்று சொல்லத்தக்க புள்ளி தெரிந்தது. இந்த அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் நாளைக்கே ஸ்கேன் எடுத்தால் பலர் கையில் ‘மைக்ரோஅடினோமா’ என்று அச்சிட்ட ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போவீர்கள். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டிக்கு அந்தப் பெயர். அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் உங்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாது.

இது கற்பனை பயம் இல்லை. 1970களில் செல்லாவை அடுக்கடுக்காக எக்ஸ்ரே எடுக்கும் டோமோகிராம் என்ற முறை பரவியிருந்தது. குழியின் தரை ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தாலே ‘சிறு கட்டி’ என்று எழுதினார்கள். 1981இல் வெளியான ஓர் ஆய்வில், பிணக்கூறாய்வு செய்த சுரப்பிகளையும் அதே செல்லாக்களின் டோமோகிராம்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை. படம் கட்டி என்ற இடத்தில் கட்டி இல்லை. கட்டி இருந்த இடத்தில் படம் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவ உலகம் அந்த முறையைச் சத்தமில்லாமல் கைவிட்டது.

இனி ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிட்யூட்டரி கட்டிகளில் அதிகம் காணப்படுவது புரோலாக்டின் சுரக்கும் கட்டி. மாதவிலக்கு தவறும், பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியும், ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு வரும், வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுவார்கள். ஆனால் ரத்தத்தில் புரோலாக்டின் கூடியிருந்தாலே கட்டி என்று பொருளல்ல. முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். அடுத்தது மாத்திரை. நம் ஊரில் ‘கேஸ் மாத்திரை’ என்று கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களே, அதில் பலவற்றில் டோம்பெரிடோன் கலந்திருக்கிறது. அது புரோலாக்டினை உயர்த்தும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் உயர்த்தும். காலையில் வெறும் வயிற்றில் போடும் ஒரு மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் நேராக ஸ்கேனுக்கு அனுப்பினால், பத்தில் ஒருவருக்கு இருக்கும் அந்த அப்பாவிப் புள்ளி படத்தில் தெரியக்கூடும். மாத்திரையின் பழி புள்ளியின் மேல் விழும்.

தைராய்டு இதைவிட விநோதம். தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் நெடுநாள் போனால், அதை எழுப்புவதற்காகப் பிட்யூட்டரி இரவு பகலாக உழைத்துத் தானே வீங்கிவிடும். புரோலாக்டினும் சற்று ஏறும். ஸ்கேனில் செல்லா நிறைந்து, மேல்நோக்கி உப்பி, பெரிய கட்டி மாதிரியே தெரியும். அதைக் கட்டி என்று நம்பி அறுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. டி.எஸ்.எச். என்ற ஒரு எளிய பரிசோதனை செய்திருந்தால் போதும். தைராக்சின் மாத்திரை கொடுத்தால் அந்த வீக்கம் தானாக வடிந்துவிடும். சுரப்பியின் அளவு வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப மாறும் என்பதையும் படம் பார்ப்பவர் நினைவில் வைக்க வேண்டும். பருவமெய்திய பெண்களுக்கு 10 மில்லிமீட்டர் உயரம் வரை இயல்பு. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் 12 வரை போகலாம்.

இன்னொரு சிக்கல். படத்தில் பெரிய கட்டி, ரத்தத்தில் புரோலாக்டின் கொஞ்சம்தான் கூடுதல். அப்போது அது புரோலாக்டின் கட்டியாகவே இருக்கும் என்று முடிவு கட்டக்கூடாது. மூளையிலிருந்து காம்பு வழியாக வரும் டோபமின் என்ற வேதிப்பொருள் புரோலாக்டினை அடக்கி வைத்திருக்கிறது. எந்தக் கட்டி காம்பை நசுக்கினாலும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து புரோலாக்டின் ஏறும். ஆனால் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமைத் தாண்டாது. உண்மையான பெரிய புரோலாக்டின் கட்டியில் அளவு பல நூறு, சிலருக்குப் பல ஆயிரம். இந்த வேறுபாட்டில்தான் சிகிச்சையே மாறுகிறது. உண்மையான புரோலாக்டின் கட்டி கேபர்கோலின் மாத்திரையில் சுருங்கும். பெரும்பாலானவர்களுக்கு அறுவையே வேண்டாம். இரண்டு கட்டிகளும் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுபோலத் தெரியும். ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு மாத்திரை, இன்னொருவருக்கு மூக்கு வழியாக அறுவை. தீர்மானிப்பது லேப் காகிதம்.

படம் அடியோடு கைவிடும் இடமும் உண்டு. குஷிங் 1932இல் விவரித்த நோய் அது. அவர் பெயராலேயே அழைக்கிறோம். பிட்யூட்டரியில் ஒரு சிறு கட்டி ஏ.சி.டி.எச். ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். அதன் தூண்டுதலால் அட்ரினல் கார்டிசால் ஹார்மோனைக் கொட்டும். முகம் உருண்டு போகும், வயிறு பெருக்கும், கைகால் சூம்பும், தோலில் அகன்ற ஊதா வரிகள் விழும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு நொறுங்கும். இவ்வளவு அழிவையும் செய்கிற கட்டி சிலருக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். மூன்றில் ஒருவருக்காவது எம்.ஆர்.ஐ.யில் எதுவுமே தெரியாது. தெரிந்தாலும் அதுதான் குற்றவாளியா, அந்தப் பத்தில் ஒன்றான அப்பாவியா என்ற சந்தேகம் நிற்கும்.

அப்போது தொடையிடுக்குச் சிரை வழியாக மெல்லிய குழாய்களை மேலே செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் இடத்துக்கே இருபுறமும் கொண்டுபோவார்கள். அங்கிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து ஏ.சி.டி.எச். அளவை ஒப்பிடுவார்கள். தலையில் எடுத்தது கையில் எடுத்ததைவிட இரண்டு மடங்கு, தூண்டல் ஊசிக்குப் பிறகு மூன்று மடங்கு இருந்தால், ஊற்று பிட்யூட்டரிதான். இல்லையென்றால் நுரையீரல் போன்ற வேறு இடத்தில் தேட வேண்டும். நரம்பு அறுவை மருத்துவர் எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1991இல் இந்த முறையின் நம்பகத்தை நிறுவினார்கள். ஸ்கேன் இவ்வளவு முன்னேறிய பிறகும், கடினமான நேரத்தில் முடிவைச் சொல்வது ஒரு சொட்டு ரத்தம்.

இவ்வளவையும் கேட்டு, ஸ்கேனை நான் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கட்டி 1 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் எம்.ஆர்.ஐ. இல்லாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது. பார்வை நரம்பை அது தொட்டுவிட்டதா, தூக்கிவிட்டதா? அழுத்தினால் இரண்டு கண்ணிலும் வெளிப்புறப் பார்வை குறையும். நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. வாசல்படியில் தோள் இடிக்கும். வண்டி ஓட்டும்போது பக்கத்தில் வருகிறவர் திடீரென்று முளைத்ததுபோல் இருக்கும். கண்ணாடி மாற்றிக் கொடுத்துவிட்டு அனுப்பப்பட்டவர்கள் பலர். கண் மருத்துவர் ஒரு பார்வைப்புலச் சோதனை செய்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். கட்டி பக்கவாட்டில் தமனியைச் சுற்றிவிட்டதா என்பதையும் எம்.ஆர்.ஐ.தான் காட்டும். 1993இல் வியன்னாவைச் சேர்ந்த நாஸ்ப் வகுத்த தரவரிசையை வைத்து, மூக்கு வழியாகப் போனால் முழுவதையும் எடுக்க முடியுமா, மிச்சம் விட வேண்டியிருக்குமா என்று அறுவை மருத்துவர் முன்கூட்டியே கணக்கிடுகிறார். எல்லாவற்றையும்விட முக்கியம், அது கட்டிதானா என்பது. தமனியின் சுவர் பலூனாக வீங்கினால் அதுவும் அந்த இடத்தில் உருண்டையாகத் தெரியும். கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும். ஓடும் ரத்தம் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத் தெரியும் என்பதால் கண்டுகொள்ளலாம். குழந்தைகளுக்கு வரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டியில் பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்திருக்கும். அதைக் காட்டுவதில் சி.டி. இன்றும் முன்னால் நிற்கிறது.

சில நடைமுறை விஷயங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் ஆகாது. தாலிச் சங்கிலியையும் மெட்டியையும் கழற்ற மறுத்து வாசலில் நடக்கும் விவாதங்களை ஸ்கேன் மையத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் பழைய கிளிப் இருந்தால் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களும் கர்ப்பிணிகளும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் சொல்ல வேண்டும். தற்செயலாகக் கண்ட சிறு புள்ளிக்கு, ஹார்மோன்கள் சரியாக இருந்தால், ஓராண்டு கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டால் பொதுவாகப் போதும். ஒப்பிட வேண்டுமானால் பழைய படம் வேண்டும். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுப் படங்கள் அடங்கிய குறுந்தகட்டைத் தொலைத்துவிடுகிறீர்கள். மருத்துவருக்குத் தேவை குறுந்தகடு.

அவசரப்படாதீர்கள் என்றுதான் இவ்வளவு நேரம் சொன்னேன். ஒரே ஓர் இடத்தில் அவசரப்படுங்கள். கட்டிக்குள் திடீரென்று ரத்தம் கசிந்தாலோ, ரத்த ஓட்டம் நின்று கட்டியின் திசு செத்துப்போனாலோ, இடி விழுந்ததுபோலத் தலைவலி வரும், வாந்தி வரும், இமை தொங்கும், பொருள் இரண்டாகத் தெரியும், சில மணி நேரத்திலேயே பார்வை மங்கும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடக்கூடாது. ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கவும் கூடாது. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள். பிட்யூட்டரி கட்டி இருப்பது முன்பே தெரிந்தவர்கள் அதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால், கார்டிசாலுக்கு ஈடாக, ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டியிருக்கும்.